ரோஜா மணத்த இருபத்து நான்கு பாட்டில்கள்

ஒயினை நாக்கில் வைத்துப் பார்க்காத ஆள் ஒயின் சுற்றுலா நடத்தினானா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வழிகாட்டி வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத உங்களுக்குச் சிரிக்காமல் வேறென்ன வரும்?

பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுப்பது, யாரை எங்கே உட்கார வைப்பது என்பதையெல்லாம் உங்கள் ஆபீசில் சொல்லித் தருவார்கள். பதினான்கு பேர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்பதை எவரும் சொல்லித் தரமாட்டார்கள். அந்த மாதிரி ஒரு மத்தியானத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். என் முப்பது வருட வேலையில் நான் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் மத்தியானம் அது. கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடிக்காரன். அத்தா பினாங்கில் கடை வைத்திருந்தபோது அங்கே படித்ததில் இங்கிலீஷ் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. ஊர் திரும்பியதும் ஏழு வருடம் என் மாமுவின் அத்தர் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மல்லிகையில் எவன் எண்ணெய் கலந்திருக்கிறான், சந்தனம் எந்த ஊர்ச் சரக்கு என்று மூடியைத் திறந்த நொடியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாமுவின் கை முதுகில் இறங்கும். அதன் பிறகுதான், அறுபதுகளின் நடுவில், மதுரையில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். மாமுவுக்கு அது பிடிக்கவே இல்லை. “எப்படியும் திரும்பித்தான் வருவே. முக்காலி அப்படியேதான் கெடக்கும்” என்றார்.

திரும்பிப் போக வேண்டிய நிலைமையும் ஒருமுறை வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்து வந்திருந்தேன். ஒரு பெரிய வீட்டின் முன்னால் நின்று, “இந்த வீட்டில் எண்பது ஜன்னல்கள்” என்று அளந்துவிட்டேன். எண்பது என்பது எனக்கே தெரியாமல் வாயில் வந்த எண். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் விடாமல் வீட்டைச் சுற்றி நடந்து எண்ணிவிட்டு வந்தார். அறுபத்து மூன்று. பஸ் ஒரு மணி நேரம் தாமதம். புகார்க் கடிதம் மதுரைக்குப் போனது. மேனேஜர் கூப்பிட்டு, “இன்னொரு கடிதம் வந்தா காரைக்குடிப் பயணத்தையே அட்டவணையிலருந்து எடுத்துருவேன். காரைக்குடி இல்லேன்னா நீங்க எனக்கு எதுக்கு?” என்றார். நியாயமான கேள்விதான். மதுரைக் கோயிலுக்கு அவரிடம் ஏற்கெனவே நாலு வழிகாட்டிகள் இருந்தார்கள்.

இப்படித் தலைக்கு மேல் கத்தி தொங்கிய நேரத்தில்தான் நான் ஒயின் யோசனையைச் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் மாநிலத்தில் மதுவிலக்கைக் கொஞ்ச காலம் தளர்த்தியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் கோட்டையூரில் ஓர் ஆச்சி வீட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். ஆச்சியின் மாமனார் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். வீட்டின் பின்கட்டு அறையில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. உள்ளே இருபத்து நான்கு பாட்டில்கள், எல்லாம் பிரெஞ்சு ஒயின், நாலு வகை. “தொரைமாருக வந்தாக் குடுக்கன்னு எங்க மாமனாரு கப்பல்ல அனுப்பி வச்சது தம்பி. தொரைமாரும் போயிட்டாக, மாமனாரும் போயிட்டாக. நாங்க யாரும் இதைத் தொடுறதில்லை” என்றார் ஆச்சி.

அந்த நாலு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். காலையில் காரைக்குடி, மத்தியானம் ஆச்சி வீட்டில் சைகோன் ஒயின், ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் வேண்டிய அனுமதிகளை வாங்கி, பாரிசில் பயணக் கம்பெனி நடத்தும் ஒரு அம்மாளுக்குக் கடிதம் போட்டார். அந்த அம்மாளை எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வோம். ஒயினே தொழிலாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தானே நேரில் வந்து பார்ப்பதாக எழுதிவிட்டார். அவருக்குப் பிடித்தால் வருடா வருடம் பஸ் பஸ்ஸாக ஆட்கள். பிடிக்காவிட்டால் மாமுவின் முக்காலி.

ஆச்சி இரண்டு நிபந்தனைகள் போட்டார். குடிக்கிறதெல்லாம் வாசலை ஒட்டிய முகப்புக் கூடத்தோடு சரி, வீட்டுக்குள்ளே, வளவு முற்றத்துக்குள், ஒரு சொட்டு வரக்கூடாது. குடிக்கிற இடத்துக்கு ஆச்சி வரமாட்டார். நான் மேனேஜரிடம் என் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டேன். நான் குடிக்க மாட்டேன், ஊற்றவும் மாட்டேன், பேசுவேன். ஊற்றுவதற்கு ஆச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளை இருந்தார். சைகோன் கடையில் வேலை பார்த்தவர், தக்கையைத் திருகி எடுக்கத் தெரிந்தவர்.

வந்த நாள் வெள்ளிக்கிழமை. காலைப் பொழுது நன்றாகவே போனது. பெரிய வீட்டுத் தெருக்கள், கோவிலூர்க் கோயில், சந்தை எல்லாம் பார்த்தார்கள். ஜன்னலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டரைக்கு அவர்களை ஒரு விடுதியில் சாப்பிட உட்கார வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போனேன். தொழுகைக்கு முன்னால் மாமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமெல்லாம் மறந்த முகம். மடியிலிருந்து அத்தர்க் குப்பியை எடுத்தார். “பெரிய ஆளுக வந்திருக்காகளாமே. நம்ம கடைப் பேரு கெட்டுறக்கூடாது. மணக்கப் போ” என்று சொல்லி, கடையிலேயே உசத்தியான ரோஜா அத்தரை என் மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் சட்டைக் காலரிலும் தடவி, பஞ்சு ஒன்றை நனைத்துக் காது மடலிலும் சொருகினார். வெள்ளிக்கிழமை அத்தர் பூசுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அன்று எனக்கு எது தேவைப்படப் போகிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு மணிக்குக் குதிரைவண்டியில் கோட்டையூர் போய் இறங்கினேன். கூட்டம் மூன்று மணிக்கு வரும். முகப்பில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து, பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாம் பளபளவென்று மின்னின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தூண் தெரிந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

“ஆச்சி, பாட்டிலைக் கழுவினீகளா?”

உள்கதவுக்குப் பின்னாலிருந்து சந்தோஷமான குரல் வந்தது. “பின்னே? தூசியும் ஒட்டடையுமாப் பாக்கச் சகிக்கலை தம்பி. வீடு தேடி வாற ஆளுகளுக்கு அதை அப்படியே வைக்கவா முடியும்? நேத்தே தொட்டியில ஊறப் போட்டு, புளியும் சாம்பலும் வச்சுத் தேய்க்கச் சொல்லிட்டேன்.”

“மேல ஒட்டியிருந்த காகிதமெல்லாம்?”

“அதை ஏன் கேக்குறீக! சுரண்டிச் சுரண்டிக் கை வலிச்சுப்போச்சு. ஒரு துணுக்கு இல்லாம எடுத்தாச்சு.”

நம் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் தரை, தூண், கதவுக் குமிழ் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆச்சி செய்தது மரியாதை. ஆனால் மதாம் ஐயாயிரம் மைல் தாண்டி வந்ததே அந்தக் காகிதங்களைப் பார்க்கத்தான். இப்போது நாலு வகை ஒயினும் ஒரே மாதிரி பாட்டிலில் பேர் தெரியாமல் நின்றன. இன்னொரு பயம் வேறு. நம் ஊர் வெயிலில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கு. எது நன்றாக இருக்கிறது, எது கெட்டுப்போனது? பெட்டியைப் பார்த்த மயக்கத்தில் ஒன்றைக்கூட அன்று நான் திறந்து பார்க்கவில்லை. அது முழுக்க என் தப்பு.

கணக்கப்பிள்ளை என் காதோடு வந்தார். “உங்ககிட்டத்தான் பேரெழுதின சீட்டு இருக்கே. இது இன்னது, அது இன்னதுன்னு வாய்க்கு வந்தபடி சொல்லிப்புடுங்க. காகிதமே இல்லாதப்ப யாரு இல்லேங்கப் போறாக?”

சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. உடனே அறுபத்து மூன்று ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. “தக்கையைத் திறங்க. மோந்து பாத்துப் பிரிச்சிருவோம்” என்றேன். ஏழு வருடம் இதைத்தானே செய்தேன் என்று ஒரு திமிர்.

முதல் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன். ரோஜா. இரண்டாவது பாட்டில், ரோஜா. மூன்றாவதிலும் ரோஜா. என் மணிக்கட்டிலிருந்தும் காதிலிருந்தும் மாமுவின் உசத்திச் சரக்கு எழும்பி வந்து என் மூக்கை அடைத்துக்கொண்டு நின்றது. பஞ்சை எடுத்து எறிந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அத்தர் விற்றவனுக்கு அத்தர் தடவினால் வேறு எதுவும் தெரியாது என்பதைக்கூட மறந்திருந்த மடையன் நான். அழுகை முட்டியது என்று சொன்னால் நம்புங்கள்.

“ஆச்சி, நான் குளிக்கணும்” என்றேன்.

“என்னது?”

“இப்பவே குளிக்கணும். பயத்தமாவு இருக்கா?”

அந்த ஆச்சி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரத்தில் இருக்கிறவனிடம் காரணம் கேட்காமல் கை கொடுக்கிற மனுஷர்கள் உங்கள் வேலையில் எப்போதாவது கிடைப்பார்கள். அவர்களை மறக்காதீர்கள். “கெணறு அங்குட்டு இருக்கு, போங்க” என்று கை காட்டிவிட்டு மாவை ஒரு கிண்ணம் நிறைய அனுப்பினார். தோல் சிவக்கத் தேய்த்தேன். கட்டிக்கொள்ள அலமாரியிலிருந்து புது வேட்டி வந்தது. அதில் அந்துருண்டை வாடை! வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கொடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பழைய வேட்டியையும் துண்டையும் எடுத்துக் கட்டிக்கொண்டேன். அதே சமயம் வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

காலையில் கோட்டும் டையுமாக இவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிய ஆள், தலையில் தண்ணீர் சொட்ட, துண்டு போர்த்துக்கொண்டு முகப்பில் நின்றேன். பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மேசையைப் பார்த்தார்கள். மதாம் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

அவர் கேட்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியை நீங்கள் முதலில் சொன்னால் அது செய்தி. அவர்கள் கண்டுபிடித்து நீங்கள் ஒப்புக்கொண்டால் அது குற்றம். “அம்மா, இந்த வீட்டில் விருந்தாளிக்குத் தூசி படிந்த எதையும் வைக்கமாட்டார்கள். அதனால் பாட்டில்களைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள், பெயர்க் காகிதமெல்லாம் போய்விட்டது. எது எந்த ஒயின் என்று எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் புளித்துப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். முன்னாலேயே திறந்து பார்க்காதது என் தப்பு. ஆனால் புளித்தது எது, புளிக்காதது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும்” என்றேன்.

“நீங்கள் ஒயின் குடிப்பதில்லை என்றார்களே?”

“ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. நான் அத்தர் கடையில் வளர்ந்தவன். எனக்கு மூக்கு போதும்.”

யாரோ ஒருவர் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை. “அந்தத் தூணைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்” என்றார்.

திரும்பி நின்றேன். வீட்டில் கண்ணாடிக் கோப்பைகள் கிடையாது. ஆச்சி எவர்சில்வர் டம்ளர்கள்தான் கொடுத்திருந்தார். பின்னால் தக்கை திருகும் சத்தம், ஊற்றும் சத்தம் கேட்டது. மூன்று டம்ளர்களை ஒவ்வொன்றாக என் மூக்கருகே நீட்டினார் மதாம். எவை ஒரே ஒயின், எது வேறு என்று சொல்ல வேண்டும்.

முதல் டம்ளரில் உலர்ந்த திராட்சையும் கருப்பட்டியும் வந்தன. இரண்டாவதில் அதே திராட்சை, அதே கருப்பட்டி, கூடவே இன்னொன்று இலேசாக இருந்தது. மூன்றாவது முதலாவது மாதிரியே இருந்தது. இரண்டாவது வேறு என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. கடையில் சந்தேகம் வந்தால் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து நம் தோலையே ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி பார்ப்போம். மூக்கு புதிதாகிவிடும். அப்படிச் செய்தேன். பயத்தமாவு வாசம்கூடப் போய், வெறும் தோல் வாசம்தான் இருந்தது. மறுபடி இரண்டாவது டம்ளரைக் கேட்டு வாங்கி முகர்ந்தேன்.

“மூன்றும் ஒரே பாட்டில்” என்றேன். “ஆனால் இந்த நடு டம்ளரில் இன்றைக்குக் காலையில் யாரோ மோர் குடித்திருக்கிறார்கள்.”

மதாமுக்கு மோர் என்றால் புரியவில்லை. விளக்கிச் சொல்வதற்குள் உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஆச்சியின் குரல் அலறியது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நான் கணக்கப்பிள்ளையிடம் தமிழில் சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது.

“நாந்தான் குடிச்சேன்! அடிப்பாவி, புளி போட்டுத் தேய்ச்சுமா போகலை?”

அதை நான் மொழிபெயர்த்தேன். பிறகு மதாம் மேசையில் கையூன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். மூன்றிலும் ஒரே பாட்டிலைத்தான் ஊற்றியிருந்தார். என்னைப் பொய்யனாக்கிப் பார்க்க வைத்த பொறி அது.

அதற்கப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. கணக்கப்பிள்ளை திறப்பார், நான் முகர்ந்து சொல்வேன், மதாம் ஒரு வாய் பார்த்துத் தலையாட்டுவார். இது புளித்தது. இதுவும் புளித்தது. இது நல்லது, அத்திப்பழமும் பழைய தோல் பெட்டியும். இது நல்லது, மழை விழுந்த செம்மண். நான் சொல்லச் சொல்ல ஆளாளுக்கு நோட்டில் எழுதினார்கள். நல்லதாகத் தேறியதெல்லாம் தெற்கு பிரான்சின் இனிப்பு ஒயின் என்றும், அது ஒன்றுதான் நம் வெயிலைத் தாங்கியிருக்கிறது என்றும் மதாம் சொன்னார். இருபத்து நான்கில் ஒன்பது தேறின. ஒன்றில் நான் சறுக்கினேன். புளித்தது என்று தள்ளியதை மதாம் பிடிவாதமாகக் குடித்துப் பார்த்து, இதுதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று தன் பக்கம் வைத்துக்கொண்டார். அதையும் நான் தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டேன். புளித்துப்போனவற்றை, இது இனிக் குடிக்கிற சரக்கில்லை, வெறும் காடிதான் என்று ஆச்சி உள்ளே கேட்டு வாங்கி, சைகோனில் வெள்ளைக்காரச் சமையல்காரன் செய்வான் என்று மாமனார் சொன்ன மாதிரி நறுக்கிய வெங்காயத்தில் ஊற்றி, உப்பும் மிளகும் போட்டு அனுப்பினார். அந்தத் தட்டும் காலி.

கிளம்பும்போது மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “பெயரைப் பார்த்துக் குடிக்கிறவர்களைத்தான் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன். இவர்களில் பாதிப் பேர் இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒயினைக் குடித்திருக்கிறார்கள்.”

மூன்று வாரம் கழித்து மதுரைக்குக் கடிதம் வந்தது. வருகிற குளிர்காலத்துக்கு ஆறு பஸ். ஒயினைத் தாங்களே கொண்டுவந்துவிடுவார்கள். மூன்று நிபந்தனைகள். அதே வழிகாட்டி வேண்டும். அவர் குளித்துவிட்டு வேட்டியோடுதான் வர வேண்டும். பாட்டில்களை முதல் நாளே கோட்டையூருக்குக் கொடுத்தனுப்புவார்கள், வீட்டுக்கார அம்மாள் பெயர்க் காகிதங்களைச் சுத்தமாகச் சுரண்டித் தர வேண்டும். மேனேஜர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை சத்தம் போட்டு வாசித்தார். பிறகு எனக்குத் தன் செலவில் காபி வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷன் அதற்கு முன்னாலும் பின்னாலும் எவருக்கும் காபி வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

மாமுவிடம் போய்ச் சொன்னேன். ரோஜாவால் வந்த வினையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “மூக்கைக் குடுத்தது நானு, பேரு வாங்குறது மதுரைக்காரனா?” என்று கத்தினார். ஆனால் மறுநாள் கடைக்குப் போனால் என் முக்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். அவர் எனக்குக் கொடுத்த பரிசு அதுதான். நான் சந்தோஷமாக நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன்.

மதுவிலக்கை மறுபடி கொண்டுவரும் வரைக்கும் அந்தப் பயணம் நடந்தது. அதில் முதல் பஸ் வந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். முகப்பில் மேசை தயார். பாட்டில்கள் ஒரு துணுக்குக் காகிதம் இல்லாமல் மின்னுகின்றன. நான் குளித்து, கொடி வேட்டி கட்டி நிற்கிறேன். திடீரென்று உள்கதவு திறந்தது. குடிக்கிற இடத்துக்கு வரவே மாட்டேன் என்று சொன்ன ஆச்சி, தட்டு நிறைய டம்ளர்களை அடுக்கித் தானே தூக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவே வந்து என் முன்னால் நின்றார்.

“மூணு தடவை தேய்ச்சிருக்கேன். இப்பச் சொல்லுங்க தம்பி, என்ன வாடை வருது?”

கூடமே என்னைப் பார்த்தது. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் ஆச்சி மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் நின்று நான் பொய் சொல்ல முடியாது.

“மோரு இல்லை ஆச்சி. சாம்பல் வாசம் மட்டும் இருக்கு.”

ஆச்சி தலையை நிமிர்த்திக்கொண்டார். “அது சுத்தத்தோட வாசம். அது இருக்கட்டும்” என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, வந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏன் எல்லாரும் நிக்கிறாக? ஊத்தச் சொல்லுங்க!”